மென்பொருள் பணியாளர்களும் மனிதாபிமான ஓப்பன் சோர்ஸ் திட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளம், நிலநடுக்கம், தொற்றுநோய் என்று ஏதாவது வரும்போதெல்லாம் ஐடி வேலையில் இருப்பவர்கள் "நம்மால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறார்கள். பணம் அனுப்புவதோடு நிற்காமல், தங்கள் தொழிலறிவையே கொடுக்க விரும்புகிறவர்கள் கேட்டவையும், கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியவையும் இங்கே இருக்கின்றன.

மனிதாபிமான ஓப்பன் சோர்ஸ் திட்டம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

நிவாரண முகாம், கிராமத்து மருத்துவமனை, தடுப்பூசி மையம், அகதிகள் பதிவு அலுவலகம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்காக உருவான மென்பொருள். அதன் மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், காசு கொடுக்காமல் நிறுவிக்கொள்ளலாம். நோயாளிப் பதிவேட்டுக்கு ஓப்பன்எம்ஆர்எஸ், ஒரு நாட்டின் சுகாதாரப் புள்ளிவிவரங்களுக்கு டிஎச்ஐஎஸ்2, களத்தில் கைபேசியில் தகவல் சேகரிக்க ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ், பேரிடர் நிர்வாகத்துக்கு சஹானா, வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று பெரிய திட்டங்கள் பல இருக்கின்றன.

இவை கட்டற்ற (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளாக இருப்பதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. ஒரு மாவட்ட மருத்துவமனையின் பத்து வருடப் பதிவுகள் ஒரே கம்பெனியின் உரிம ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது. நடு இரவில் ஒரு படிவத்தை மாற்ற வேண்டும் என்றால் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்கவும் கூடாது.

இந்த மாதிரி வேலையைத் தொடங்கி வைத்தவர்கள் யார்?

ஒரே தொடக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்வது அவசியம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு என்று கிழக்கிலும் வடக்கிலும் கரையோர ஊர்கள் அழிந்தன. பள்ளிகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் முகாம்கள் திறந்தன. யார் எந்த முகாமில் இருக்கிறார், எந்த அமைப்பு எங்கே என்ன கொடுக்கிறது, எங்கே எதுவுமே போய்ச் சேரவில்லை என்று சொல்ல ஒரு பொதுப் பதிவேடு இல்லை.

லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சுற்றி இருந்த கொழும்பு நிரலாளர்கள், பல கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள், ஒன்றுகூடி சில வாரங்களில் சஹானாவை எழுதினார்கள். காணாமல் போனவர்கள் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி அமைப்புகள் பதிவேடு, தேவைகளைப் பதிந்து நிறைவேற்றும் பகுதி என்று அது நான்கைந்து கூறுகளாக இருந்தது. நிவாரணத்தை ஒருங்கிணைக்க அரசு அமைத்திருந்த தேசிய செயற்பாட்டு மையமும் அதைப் பயன்படுத்தியது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவசரம் அடங்கியதும் பெரும்பாலோர் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சிலர் விடவில்லை. ஸ்வீடன் அரசின் சீடா நிறுவனம் கொடுத்த நிதியோடு, இலங்கைக்கென்று அவசரத்தில் எழுதியதை எந்த நாடும் எடுத்து நிறுவக்கூடிய பொது மென்பொருளாக அவர்கள் திருத்தி எழுதினார்கள். அதனால் 2005 அக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கம் வந்தபோது சஹானா கையில் இருந்தது. 2006இல் பிலிப்பைன்சின் தெற்கு லெய்ட்டே மண்சரிவுக்கும், அதே ஆண்டு இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கும் அது போனது. சமூக நலனுக்கான திட்டங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தரும் விருதை 2005க்கு விக்கிப்பீடியா பெற்றது, 2006க்கு சஹானா பெற்றது.

பேரிடர் வந்த அன்று நாலு பேர் உட்கார்ந்து ஒரு ஆப் எழுதிவிட்டால் போதாதா?

பெரும்பாலும் போதாது. சில நேரம் கெடுதலும் செய்யும்.

2005 ஆகஸ்டில் அமெரிக்காவை கத்ரீனா சூறாவளி தாக்கியபோது, நல்ல மனதோடு பலர் ஆளுக்கொரு "காணாமல் போனோர்" தளம் தொடங்கினார்கள். தாயைத் தேடும் மகள் ஒரு தளத்தில் பதிந்திருப்பாள்; தாய் தான் நலம் என்று வேறொரு தளத்தில் பதிந்திருப்பார். இரண்டு பதிவும் சந்திக்காது. கடைசியில் தன்னார்வலர்கள் அந்தத் தளங்களின் பதிவுகளைக் கையால் பார்த்துப் பார்த்து ஒரே இடத்தில் ஏற்றினார்கள். அந்த வேதனையிலிருந்துதான் பிஎஃப்ஐஎஃப் என்ற பொதுத் தகவல் வடிவம் பிறந்தது. 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது கூகுளின் ஆள் தேடும் தளமான பர்சன் ஃபைண்டர் அந்த வடிவத்தின் மேல்தான் நின்றது. ஆகவே இன்னொரு தளம் தொடங்கத் தோன்றினால், ஏற்கெனவே இருக்கும் தளத்தோடு தகவல் பரிமாற முடியுமா என்று முதலில் பாருங்கள்.

அவசரத்தில் எழுதியது எதுவும் உதவாது என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, தண்ணீர் நிற்கும் தெருக்களை மக்களே குறித்த வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் உருவானது. நகரத்தின் தெருக்கள் அதற்கு முன்பே தன்னார்வலர்களால் வரையப்பட்டிருந்ததால்தான் அது சாத்தியமானது. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது கேரளா ரெஸ்க்யூ தளத்தை மாநில ஐடி மிஷனும் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇயின் கேரளப் பிரிவுத் தன்னார்வலர்களும் சேர்ந்து நடத்தினார்கள். பைத்தானில், ஜாங்கோவில் எழுதி, மூலநிரலை கிட்ஹப் தளத்தில் திறந்து வைத்ததால் எங்கிருந்தெல்லாமோ நிரலாளர்கள் வந்து சேர முடிந்தது. அரசு கூடவே இருந்ததால் பதிவான கோரிக்கைகளைக் கையில் எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது. கோரிக்கையை வாங்கிக்கொண்டு, எடுத்துச் செல்ல ஆளில்லாத ஆப், மாடியில் நின்று உதவிக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்குப் பொய்யான நம்பிக்கையைத்தான் கொடுக்கும்.

நேபாளத்தைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குச் சில வருடங்கள் முன்பே காத்மாண்டுவின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் உள்ளூர் இளைஞர்கள் தெருத்தெருவாகப் போய் வரைபடத்தில் ஏற்றியிருந்தார்கள். காத்மாண்டு லிவிங் லேப்ஸ் என்ற அமைப்பு அந்த முயற்சியிலிருந்து வளர்ந்தது. நிலம் அதிர்ந்த அன்று உலகெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானோர் வரைபடத்தில் வேலை செய்ய வந்தபோது, எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல ஊரை அறிந்த ஆட்கள் இருந்தார்கள்.

இலங்கையில் டிஎச்ஐஎஸ்2 கதையும் இப்படித்தான். அந்த மென்பொருளில் பல வருடம் பழகிய ஹிஸ்ப் ஸ்ரீலங்கா குழு இருந்ததால், 2020 ஜனவரி கடைசியில், கொரோனா பற்றிப் பல நாடுகள் யோசிக்கவே தொடங்காத நேரத்தில், விமான நிலையத்தில் வந்திறங்குபவர்களைப் பின்தொடரும் பதிவேட்டைச் சில நாட்களில் அமைக்க முடிந்தது. அந்த வடிவமைப்பைப் பிறகு வேறு நாடுகளும் எடுத்துக்கொண்டன. பேரிடர் இல்லாத செவ்வாய்க்கிழமைகளில் நீங்கள் கொடுக்கும் நேரத்துக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

நான் பேங்க் ப்ராஜெக்ட்டில் ஜாவா எழுதுகிறேன். மருத்துவமும் தெரியாது, பேரிடர் மேலாண்மையும் தெரியாது. எனக்கு அங்கே என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. ஓப்பன்எம்ஆர்எஸ்ஸின் சர்வர் பக்கம் ஜாவா, திரைகள் ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட். டிஎச்ஐஎஸ்2வும் ஜாவாதான். சஹானா ஈடன் பைத்தான். ஓடிகேயின் கைபேசிச் செயலி ஆண்ட்ராய்டு. நீங்கள் அன்றாடம் செய்யும் மெதுவான குவெரியைச் சரிசெய்வது, பழைய லைப்ரரியை மாற்றுவது, டெஸ்ட் எழுதுவது, டாக்கர் இமேஜைச் சிறிதாக்குவது எல்லாமே அங்கே தேவைப்படுகிறது. பேங்க்கில் வேலை பார்த்தவருக்கு ஒரு கூடுதல் பலம் உண்டு: ஒரு பதிவை யார், எப்போது, எதற்கு மாற்றினார் என்ற தணிக்கைத் தடம் ஏன் முக்கியம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நோயாளிப் பதிவேட்டில் அதே அக்கறை உயிரோடு சம்பந்தப்பட்டது.

நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது களத்தின் நிலைமையை. நெட் இல்லாத ஊரில் சுகாதாரப் பணியாளர் நாள் முழுவதும் கைபேசியில் படிவம் நிரப்புவார். சாயங்காலம் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் அனுப்புவார். ஓடிகே அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. இரண்டு பேர் ஒரே குழந்தையின் பதிவைத் தனித்தனியாக மாற்றியிருந்தால் எது நிற்கும்? பாதி அனுப்பும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்? பழைய ஆண்ட்ராய்டில் உங்கள் அழகான திரை திறக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? ஆபீஸ் வைஃபையில் உட்கார்ந்து எழுதும்போது இந்தக் கேள்விகள் மனதில் வராது. வர வைத்துக்கொள்ள வேண்டும்.

பாஹ்ம்னி என்ற மருத்துவமனை மென்பொருள் இதற்கு நல்ல பாடம். சத்தீஸ்கரின் கனியாரி கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் நடத்தும் மருத்துவமனைக்காக, இந்தியாவில் இருந்த தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியின் பொறியாளர்கள் அதை உருவாக்கினார்கள். ஓப்பன்எம்ஆர்எஸ்ஸோடு ஆய்வகத்துக்கு ஓப்பன்எலிஸ், கணக்குக்கும் மருந்து இருப்புக்கும் ஓடூ என்று ஏற்கெனவே இருந்த மூன்று கட்டற்ற மென்பொருள்களை இணைத்து, மருத்துவர் பார்க்க ஒரே திரையைக் கொடுத்தார்கள். புதிதாக எழுதியதைவிட இருப்பதைப் பொருத்தியதுதான் அதிகம். இன்று அது வேறு பல நாடுகளிலும் ஓடுகிறது.

எந்தத் திட்டத்தில் சேரலாம் என்று எப்படி முடிவு செய்வது?

முதலில் கேட்க வேண்டியது: இதை இன்று யார், எங்கே பயன்படுத்துகிறார்கள்? ஒரு மருத்துவமனையின் பெயரோ, ஒரு மாவட்டத்தின் பெயரோ பதிலாகக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் யோசியுங்கள்.

அடுத்து, கடைசி வெளியீடு எப்போது வந்தது, புதியவர் அனுப்பிய புல் ரிக்வஸ்டுக்கு (தன் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைக்கு) யாராவது பதில் சொல்கிறார்களா, பாதுகாப்புக் குறையைத் தெரிவிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். கிட்ஹப்பில் அரை மணி நேரம் செலவிட்டால் இவை தெரிந்துவிடும்.

புதிதாக நீங்களே தொடங்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உகாண்டாவில் வெவ்வேறு அமைப்புகள் வெவ்வேறு சுகாதாரச் செயலிகளை மாதிரி முயற்சிகளாகக் கொண்டுவந்து இறக்கியபடி இருந்ததால், 2012இல் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகமே புதிய மின்சுகாதார முயற்சிகளை நிறுத்தி வைத்தது. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தனிப் படிவம், தனிப் பயிற்சி என்றால் பாரம் கடைசியில் அந்தக் கிராமத்துச் செவிலியர் தலையில்தான் விழுகிறது.

சேர்ந்த பிறகு முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும்?

மெதுவாக இருக்கும். அதைக் கண்டு சோர்ந்து விலகுபவர்கள்தான் அதிகம், அதனால் இதை முன்கூட்டியே சொல்கிறேன்.

முதலில் மென்பொருளை உங்கள் கணினியில் நிறுவி, பயன்படுத்திப் பாருங்கள். ஒரு கற்பனை நோயாளியைப் பதிவு செய்து, மருந்து எழுதி, ஆய்வக முடிவை ஏற்றுங்கள். நிறுவும்போது நீங்கள் எங்கே தடுக்கினீர்களோ அங்கே வழிகாட்டி ஆவணத்தில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். அந்த வரியை எழுதிக் கொடுப்பதே நல்ல முதல் பங்களிப்பு. அப்புறம் புதியவர்களுக்கென்று குறித்து வைத்த சின்ன வேலைகளில் ஒன்றை எடுங்கள். எடுக்கும் முன் "இதை நான் பார்க்கிறேன்" என்று எழுதிவிடுங்கள். ஏற்கெனவே பதிவான ஒரு பக்கை (பிழையை) உங்கள் கணினியில் திரும்ப வரவழைத்து, எந்தப் படிகளில் வருகிறது என்று தெளிவாக எழுதுவதும் பெரிய உதவி.

திருத்தங்கள் கேட்டு உங்கள் கோட் பலமுறை திரும்பி வரலாம். பராமரிப்பாளர்களில் பலர் உங்களைப் போலவே பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஒரு வாரம் பதில் வரவில்லை என்றால் பணிவாக நினைவூட்டுங்கள். வாராந்திர அழைப்புகள் இருந்தால் ஒருமுறையாவது சும்மா கேளுங்கள். கென்யா போன்ற நாடுகளில் இருப்பவர்கள் சேரும் அழைப்பு என்றால் நேரமும் ஒத்துவரும், கென்யா நமக்கு இரண்டரை மணி நேரம்தான் பின்னால் இருக்கிறது.

கோட் எழுதத் தெரியாத சாஃப்ட்வேர் ஆட்கள், டெஸ்டிங், சப்போர்ட், பிசினஸ் அனலிஸ்ட் வேலையில் இருப்பவர்கள்?

இவர்களுக்குத்தான் இந்தத் திட்டங்களில் அதிகப் பற்றாக்குறை என்பது என் எண்ணம். நிரலாளர்கள் தாமாக வருவார்கள். சோதிப்பவர்களும் எழுதுபவர்களும் பொறுமையாகப் பயிற்சி கொடுப்பவர்களும் கிடைப்பதில்லை. தேவைகளைக் கேட்டு எழுதத் தெரிந்த ஒரு அனலிஸ்ட், மருத்துவமனை ஊழியர் சொல்வதற்கும் நிரலாளர் புரிந்துகொள்வதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மூட முடியும்.

வரைபட வேலைக்கும் கோட் தேவையில்லை. ஹாட் என்று அழைக்கப்படும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மனிதாபிமானக் குழு 2010இல் அமைப்பாகப் பதிவானது. எல்லைகளற்ற மருத்துவர்கள், அமெரிக்க, பிரிட்டன் செஞ்சிலுவைச் சங்கங்கள் ஆகியவற்றோடு சேர்ந்து 2014இல் மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற முயற்சியைத் தொடங்கியது. ஒரு பகுதியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துத் தருவார்கள். ஒரு கட்டத்தை எடுத்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடுகளையும் பாதைகளையும் வரைய வேண்டும். இன்னொருவர் அதைச் சரிபார்ப்பார். டெஸ்டிங்கில் பழகிய கண் அந்தச் சரிபார்ப்பில் மிகவும் பயன்படும், ஏனென்றால் அவசரத்தில் புதியவர்கள் வரைந்ததில் பாறையெல்லாம் வீடாகியிருக்கும்.

தமிழ் தெரிந்திருப்பதால் ஏதாவது தனி உதவி செய்ய முடியுமா?

முடியும். மொழிபெயர்ப்பு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெயரில் இருந்து தொடங்குவோம். "முதல் பெயர், குடும்பப் பெயர்" என்று இரண்டு கட்டாயப் பெட்டிகள் உள்ள படிவம் தமிழர்களுக்குப் பொருந்தாது. நமக்கு அப்பா பெயரோ அதன் முதலெழுத்தோதான் இருக்கிறது. முகாமில் பதிபவர் ஒரு இடத்தில் அப்பா பெயரை முதலிலும் இன்னொரு இடத்தில் கடைசியிலும் போட்டுவிடுவார். தேடும்போது ஆள் கிடைக்க மாட்டார். அடுத்தது ஆங்கில எழுத்துக்கூட்டல். ஒலிப்பு ஒற்றுமையை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் முறை பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். செல்வத்தை ஒருவர் 'எஸ்' போட்டும் இன்னொருவர் 'சி' போட்டும் எழுதுவார். கணேசனை 'ஜி'யிலும் யாழ்ப்பாணத்தில் 'கே'யிலும் தொடங்குவார்கள். ஞானத்துக்கு 'ஜி'யும் உண்டு, 'என்'னும் உண்டு. இந்த இடத்திலெல்லாம் சவுண்டெக்ஸ் கைவிட்டுவிடும். காணாமல் போன ஒருவரைத் தேடும் பதிவேட்டில் இது சின்னக் குறை கிடையாது. தமிழ் தெரிந்த நிரலாளர் ஒருவர் மாதிரிப் பெயர்களோடு ஒரு டெஸ்ட் எழுதிக் கொடுத்தாலே குறை எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும்.

எழுத்துருச் சிக்கலும் உண்டு. இலங்கையில் பல தமிழ் ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அது யூனிகோடு இல்லை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். அப்படி ஒரு பயனாளிகள் பட்டியல் வந்தால் அதை மாற்றி, மாறியது சரியா என்று பார்க்கத் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

குறுஞ்செய்தி எச்சரிக்கை அனுப்பும் நிரல் எழுதுகிறீர்களா? ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து போகும். தமிழில் 70தான். அதிலும் 'கோ' போன்ற ஓர் எழுத்து இரண்டு இடம் எடுக்கும். ஆங்கிலத்தில் எழுதி வைத்த எச்சரிக்கையை அப்படியே தமிழாக்கினால் இரண்டு மூன்று துண்டாகிவிடும். ஆகவே தமிழில் முதலிலேயே சுருக்கமாக எழுத வேண்டும்: என்ன வருகிறது, எப்போது, எங்கே போக வேண்டும். மீனவர் கையில் இருக்கும் சாதாரண போனில் அது எப்படித் தெரிகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

வாரம் இரண்டு மூன்று மணி நேரம், ஆனால் விடாமல். ஒரு மாதம் இரவு பகலாகச் செய்துவிட்டு மறைந்து போகிறவரைவிட, ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வருபவர்தான் திட்டத்தைத் தாங்குகிறார். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதா, ரிலீஸ் நெருங்குகிறதா, கொஞ்ச நாள் வர முடியாது என்று சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் கம்பெனி இதை அனுமதிக்குமா?

உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். பல ஒப்பந்தங்கள் இதற்கும் மேலே போய், பணியில் இருக்கும் காலத்தில் எழுதும் எல்லாவற்றையும் கேட்கின்றன. அப்படி இருந்தால் மனிதவளத் துறையிடமோ சட்டப் பிரிவிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ப் பேச்சு போதாது, ஏனென்றால் உரிமை தெளிவில்லாத கோட் பிற்பாடு அந்தத் திட்டத்தையே சிக்கலில் மாட்டிவிடும். சொந்தக் கணினி, சொந்த மின்னஞ்சல், வேலை நேரத்துக்கு வெளியே. கம்பெனி கோடில் இருந்து ஒரு வரியும் நகல் எடுக்கக் கூடாது.

கம்பெனியே ஊழியர்களின் நேரத்தைக் கொடுக்க முன்வந்தால் அருமை. ஆனால் அந்த நேரத்தைப் பணமாகக் கணக்கிட்டு, சட்டப்படி செலவிட வேண்டிய சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) தொகையில் கழிக்க முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கம் கொடுத்திருக்கிறது.

தகவல் பாதுகாப்பு பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, நல்லது செய்யும் அமைப்புகளை யார் தாக்கப் போகிறார்கள்?

தாக்குகிறார்கள். 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு தன் சர்வர்களில் ஊடுருவல் நடந்ததைக் கண்டுபிடித்தது. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள், சிறையில் இருப்பவர்கள் என்று 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் தகவல்கள் அங்கே இருந்தன. உள்ளே நுழைய வழியானது, உரிய நேரத்தில் சரிசெய்யப்படாத ஒரு பாதுகாப்புக் குறை. இதைக் குழுவே வெளிப்படையாகச் சொன்னது, அந்த நேர்மைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

கடைகளில் கார்டு எண் திருடு போனால் கார்டை மாற்றிவிடலாம். போர் நடக்கும் இடத்தில் ஒரு முகாமின் ஆள்பட்டியல், யார் எந்த ஊரில் இருந்து தப்பி வந்தவர், யாருக்கு எச்ஐவி சிகிச்சை நடக்கிறது என்பவை வெளியே போனால் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். உண்மையான நோயாளித் தகவலை உங்கள் மடிக்கணினிக்குக் கொண்டு வரவே வேண்டாம். சோதனைக்குக் கற்பனைத் தகவல் போதும். "பின்னால் உதவலாம்" என்று ஒரு பெட்டியைப் படிவத்தில் சேர்க்கச் சொன்னால், எதற்கு என்று கேளுங்கள். மதம், சாதி, இனம் போன்றவை அந்தப் பெட்டிகளில் இருந்தால் இரண்டு முறை கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பாதிக்கப்பட்டவர்களின் பெயரும் எண்ணும் உள்ள எக்செல் தாள் சுற்ற ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். மென்பொருளின் பழைய பதிப்புகளைப் புதுப்பிக்கும் வேலைக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். அதை எடுத்துச் செய்பவர்தான் மேலே சொன்ன மாதிரி ஒரு ஊடுருவலைத் தடுக்கிறார்.

பேரிடர் நடந்த இடத்துக்கு நேரில் போக வேண்டுமா?

முதல் நாட்களில் வேண்டாம். அங்கே தண்ணீரும் படுக்க இடமும் குறைவாக இருக்கும். அழைப்பு வந்தால் போங்கள். ஆனால் சாதாரண நாட்களில், வாய்ப்பு கிடைத்தால், உங்கள் மென்பொருள் ஓடும் ஒரு மருத்துவமனையில் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். வெளிநோயாளி வரிசை நீளும்போது பதிவு செய்பவர் எந்தப் பெட்டிகளைக் காலியாக விடுகிறார் என்று தெரியும்.

ஏஐ எழுதித் தரும் கோடை அனுப்பலாமா?

அந்தத் திட்டத்தின் விதி என்ன என்று பார்த்து, பயன்படுத்தியதை வெளிப்படையாகச் சொல்லி அனுப்புங்கள். ஒவ்வொரு வரியையும் உங்களால் விளக்க முடிய வேண்டும். மருந்தின் அளவைக் கணக்கிடும் இடத்தில், பார்க்கச் சரியாகத் தெரிவது போதாது. நீங்கள் படிக்காமல் அனுப்பியதைப் படிக்கும் சுமை, ஏற்கெனவே களைத்திருக்கும் ஒரு பராமரிப்பாளர் மேல் விழுகிறது.

இதில் பணம் ஏதாவது கிடைக்குமா?

தன்னார்வப் பணிக்குக் கிடைக்காது. கூகுள் சம்மர் ஆஃப் கோட், அவுட்ரீச்சி ஆகியவை உதவித்தொகையோடு இந்த வகைத் திட்டங்களிலும் இடம் தருகின்றன. முதலாவது 2022 முதல் மாணவர்கள் அல்லாத புதியவர்களையும் சேர்க்கிறது. வேலை மாறும்போது உங்கள் பங்களிப்பை யாரும் திறந்து பார்க்கலாம் என்பது உண்மையான பயன்தான், அதை எதிர்பார்த்து வருவதிலும் தவறில்லை.

ஒரு கட்டத்தில் விலக வேண்டி வந்தால்?

விலகலாம். எப்படி விலகுகிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். உங்கள் பெயரில் பதிவான டொமைன், உங்கள் கார்டில் போகும் சர்வர் கட்டணம், உங்களிடம் மட்டும் இருக்கும் கடவுச்சொல், பிளே ஸ்டோர் கணக்கு ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதி, இரண்டு பேரிடம் முறையாக ஒப்படையுங்கள். பாதியில் நிற்கும் வேலைகளில் எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதிவிட்டு, உங்கள் பெயரை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாரோ செய்கிறார் என்று நினைத்து வேறு யாரும் தொட மாட்டார்கள். உண்மையான தகவல்களைப் பார்க்கும் அனுமதி உங்களுக்கு இருந்தால் அதை நீங்களே கேட்டு நீக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஆறு மாதம் கழித்து நேரம் கிடைத்தால், ஒரு சின்ன பக்கை எடுத்துக்கொண்டு திரும்ப வரலாம்.